அண்ணன் நல்லா ஓடுவாரு

ஜப்பான் காலத்தில் பினாங்கில் இருந்த கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் நமக்கும் மணி. விடியாத ஐந்தரையை ஏழு என்று சொல்லிக்கொண்டு எழுந்து, கண்ணைக் கசக்கியபடி பள்ளிக்குப் போய், குனிந்து வணங்கி, அர்த்தம் தெரியாத ஜப்பான் பாட்டைப் பாடினோம். அந்த வரிசையில் நின்றவர்களில் இப்போது நீங்களும் நானும்தான் மிச்சம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நம்மில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. அந்தப் பாட்டு மட்டும் போகமாட்டேன் என்கிறது. எனக்கு அந்தக் கடிகாரக் கணக்கும் போகவில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் என் மடியில் ஒரு கடிகாரம் இருந்தது.

அது அப்பா வாங்கிய அலாரம் கடிகாரம். பச்சைப் பெயிண்ட். தலையில் இருந்த இரண்டு மணிகளில் ஒன்று எப்போதோ கழன்றுவிட்டதால் அலாரம் அடித்தால் பாதிச் சத்தம்தான் வரும். அப்பா, பட்டணத்தில் முதல் குண்டு விழுந்த அன்று எல்லோரையும் போல விமானம் பார்க்கத் தெருவுக்குப் போனவர். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் வீடுகளிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. பிறகு எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான், அந்தக் கடிகாரம்.

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தட்டில் குடியிருந்தோம். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. போருக்கு முன்பு அவருக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கடிதம் கொண்டுபோகும் வேலை. மற்றவர்கள் சைக்கிளில் போவார்கள். இவரிடம் சைக்கிள் கிடையாது. ஓடி ஓடியே கடிதம் கொடுத்து, அதுவே பழக்கமாகி, திடலில் நடந்த போட்டிகளில் இரண்டு கோப்பைகள் வாங்கிவிட்டார். கோப்பைகளை அம்மா அரிசிப் பானைக்குள் போட்டு அளக்க வைத்துக்கொண்டாள். ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள்; அரிசியும் காணாமல் போனது. கோப்பைகள் காலிப் பானைக்குள் கிடந்தன.

ஜப்பான் வந்த இரண்டாவது வருஷத்து மழை தொடங்கிய சமயம், அண்ணன் காப்பிக்கடையிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். ஜப்பான்காரர்கள் ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் வைக்கப்போகிறார்களாம். முதலில் வருகிறவனுக்கு ஒரு மூட்டை அரிசியாம்.

"ஒரு மூட்டைன்னா? முழு மூட்டையா?" என்றாள் அம்மா.

"முழு மூட்டை லா, அம்மா."

"பாதி கல்லும் உமியுமாத்தான் கட்டியிருப்பானுங்க."

"இருந்தா என்னா? பாப்பா பொறுக்கிருவா."

பாப்பா நான்தான். அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மா அந்த மூட்டையைப் பங்கு வைத்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்குப் பாதி, பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு கோப்பை, சித்தப்பா வீட்டுக்குக் கிடையாது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி அதையே இடித்து ரொட்டி என்று தின்றுகொண்டிருந்த எங்களுக்கு, இல்லாத அந்த அரிசியைப் பற்றிச் சண்டை போடுவதே ஒரு ருசியாக இருந்தது.

மழையில்தான் ஓட்டம் நடக்கும், ஆகவே மழையிலேயே பழகவேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தார். வாரம் மூன்று நாள் ஓடுவார். முதலில் புலாவ் திக்குஸ் வரை, பிறகு தஞ்சோங் பூங்கா, பிறகு பத்து பெரிங்கி. காலில் பழைய லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. வேறு எதுவும் அப்போது கிடைக்காது. அதைக் கயிறு போட்டுக் கணுக்காலோடு கட்டிக்கொள்வார். நான் வீட்டுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில், ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பேன். தெருமுனையில் தண்ணீரில் அந்த டயர் செருப்பு சளப் சளப் என்று அடிக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பேன். அவர் வந்து தூணைத் தொட்டால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. அவர் மேல் வரும் மழை வாசனையும் ரப்பர் வாசனையும் இப்போதும் டயர் கடைப் பக்கம் போனால் எனக்கு வந்துவிடும்.

"எத்தனை?"

"ஒம்பது அஞ்சு. போன தடவைய விட நாலு நிமிஷம் கூட, அண்ணே."

"ரெண்டு எடத்துல கும்பிடு போட நின்னேன் லா. அதைக் கழி."

காவலுக்கு நிற்கும் ஜப்பான் சிப்பாயைக் கண்டால் நின்று, குனிந்து வணங்கிவிட்டுத்தான் யாரும் போகவேண்டும். ஓடிக்கொண்டே தாண்டினால் துப்பாக்கிக் கட்டை முதுகில் இறங்கும். மூச்சு வாங்க வாங்க நின்று, வளைந்து, அவன் தலையசைக்கும்வரை காத்திருந்து மறுபடி ஓடவேண்டும். ஒரு கும்பிடுக்கு இரண்டு நிமிஷம் என்று அண்ணனும் நானும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எனக்குக் கழித்தல் கணக்கு வந்தது அப்படித்தான்.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் சிரிப்பு குறைவு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். பட்டணத்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப்போகிறார்கள், வேலையில்லாத ஆம்பிளைகளைத்தான் முதலில் எடுப்பார்கள் என்றார்கள். அண்ணனுக்கு வேலை இல்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள்.

"யாரு வந்து கேட்டாலும் அண்ணன் சும்மா இருக்காருன்னு மட்டும் சொல்லிறாதே. வெளங்குச்சா? செத்தாலும் சும்மா இருக்காருன்னு சொல்லாதே."

நான் தலையை ஆட்டினேன். சொல்லக்கூடாது என்றாளே தவிர, என்ன சொல்லவேண்டும் என்று அவள் சொல்லித்தரவில்லை.

ஒரு விடுமுறை நாள். அண்ணன் முதல் முறையாகத் தெலுக் பஹாங் வரை போய்த் திரும்புவதற்காக ஏழு மணிக்குப் புறப்பட்டார். போக வர இருபது மைலுக்கு மேல். அம்மா பங்கீட்டு உப்புக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டாள். நான் அஞ்சடியில் கடிகாரத்தோடு இருந்தேன். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கணக்கெடுக்கக் கிராணியார் வந்தார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். போருக்கு முன்பு அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். ஜப்பான்காரர்களும் எழுத ஆள் வேண்டுமென்று அவரையே வைத்துக்கொண்டார்கள். வேறு வட்டாரத்தில் குடியிருந்ததால் எங்களை அவருக்குத் தெரியாது. நெற்றியில் இருந்த திருநீறு மழையில் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. எண்ணெய்த்துணியில் சுற்றிய பெரிய புத்தகத்தைக் கக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார்.

"பிள்ளை, வீட்டிலை பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"அம்மா வரிசைக்குப் போயிருக்காங்க."

"கொண்ணர் ஒருத்தர் இருக்கிறார் எல்லே? அவர் எங்கை?"

கொண்ணர் என்றால் உன் அண்ணன் என்று அர்த்தம் எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஓடப் போயிருக்காருங்க."

"ஓ, ஓடுறவரோ?" அவர் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. எதுவரைக்கும் போயிருக்கிறார்?"

"தெலுக் பஹாங் வரைக்கும். பத்தரைக்கெல்லாம் திரும்பி வந்துருவாரு."

"உந்த மழைக்குள்ளையோ?"

"மழையிலதாங்க இன்னும் நல்லா ஓடுவாரு. வழுக்கவே வழுக்காது."

"ஆருக்கு ஓடுறவர்?"

"எங்களுக்குத்தாங்க. ஒரு மூட்டை அரிசி கெடைக்கும்."

"அரிசிக்கு ஓடுறாரோ! இந்தக் காலத்திலை காசைவிட அது திறம். எங்கையாவது கொண்டுபோய் மோதினவரோ?"

"ஒரே ஒரு தடவைதான். புலாவ் திக்குஸ்ல ஒரு மாட்டு மேல."

"மாட்டுக்கு ஏதும் நடந்ததோ?"

"ஒன்னும் ஆகலைங்க. இவருக்குத்தான் முட்டியில காயம்."

கிராணியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இருக்கிறார் எண்டு எழுதினால் மண்வெட்டியைக் குடுத்துச் சயாமுக்கு அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள், பிள்ளை. தொழில் தெரிஞ்ச ஆள் எண்டால் ஊரிலையே வைச்சிருப்பாங்கள். நீ பயப்பிடாதை. நல்லா ஓடுவார்தானே?"

"நல்லா ஓடுவாருங்க."

"நான் வடிவா எழுதிவிடுறன்."

புத்தகத்தை முட்டியின் மேல் வைத்து, மழை படாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருந்தது. அண்ணன் பத்து நாற்பதுக்கு வந்து தூணைத் தொட்டார். கிராணியார் வந்ததையும், நான் அவரிடம் பெருமையாகச் சொன்னதையும் சொன்னேன். அம்மா திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "சும்மா இருக்காருன்னு சொல்லலையே?" என்பதுதான். "சொல்லலை" என்றேன். அன்று மத்தியானம் பெரிய கிழங்குத் துண்டை அம்மா என் தட்டில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு காகிதம் வந்தது. அண்ணன் பெயர், ஒரு தேதி, இடம். பெயருக்குப் பக்கத்தில் கட்டகானா எழுத்தில் ஒரு சொல். வீட்டில் ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். உ, ன், தெ, ன், ஷு. உன்தென்ஷு. பள்ளியில் எங்களுக்கு நாய், மீன், பூ, கொடி எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"உன்தென்ஷுன்னா ஓட்டக்காரரு! பந்தயத்துக்குக் கூப்பிட்டுருக்காங்க!"

மாற்றுத் துணியோடு வரவேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்த ஆள் சொல்லியிருந்தான். "ஓடுறதுக்கு எதுக்குடா மாத்துத் துணி?" என்றாள் அம்மா. "மழை லா, அம்மா. நனைஞ்சுருவோம்ல" என்றார் அண்ணன். சொன்னாரே தவிர, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியாரை எனக்கு அடையாளம் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு, அங்கே இங்கே விசாரித்து அவர் வீட்டுக்குப் போனார்.

கிராணியார் எங்களைச் சந்தோஷமாக வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. இவர்தானோ டிறைவர் தம்பி?"

"என்னாதுங்க?"

"டிறைவர். உன்தென்ஷு எண்டால் லொறி ஓடுறவர் எல்லே."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "எனக்கு லாரி ஓட்டத் தெரியாதுங்களே."

"பிள்ளைதானே சொன்னது, நல்லா ஓடுவார் எண்டு?"

"ஓடுவேங்க. காலால ஓடுவேன்."

யாழ்ப்பாணத்தில் சைக்கிளும் ஓடுவார்கள், காரும் ஓடுவார்கள், லாரியும் ஓடுவார்கள். நாம் வண்டியை ஓட்டுவோம்; ஓடுவது காலால் மட்டும்தான். நடுவில் ஒரு ஒற்றெழுத்து குறைகிறது, அவ்வளவுதான். கிராணியார் பல வருஷமாக நம்மோடு பேசிப் பழகியவர். இருந்தும் அன்று அஞ்சடியில் நான் சொன்னதை எல்லாம் அவர் பிறந்த ஊர்க் காதால் கேட்டிருக்கிறார். தெலுக் பஹாங், மழை, வழுக்காதது, அரிசி, மாடு எல்லாம் ஒரு லாரிக்குப் பொருந்திப்போனது. அண்ணனுக்கும் லாரிக்கும் அதுவரை இருந்த ஒரே சம்பந்தம் காலில் போட்டிருந்த டயர் செருப்புதான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பேர் மேலிடத்துக்குப் போயிட்டுது, தம்பி. இப்ப தெரியாது எண்டு சொன்னால் பொய் எழுதினதெண்டு என்னையும் அடிப்பாங்கள், உன்னையும் அடிப்பாங்கள். அடிச்சுப்போட்டு மண்வெட்டியைத்தான் தருவாங்கள். ஊரிலையே வைச்சிருப்பாங்கள் எண்டுதான் நான் நினைச்சன். சயாமிலை லொறி ஓட ஆள் போதாது எண்டு போன கிழமைதான் உத்தரவு வந்தது."

"சயாமா?"

"டிறைவர்மாருக்குச் சோறு குடுப்பாங்கள், தம்பி. மண் வெட்டுறவைக்குத்தான் ஒண்டும் இல்லை."

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "இன்னும் ஆறு நாள் இருக்கு. கத்துக்கிறேங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். மழையில் அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது என நினைத்தேன், அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "ஏன் அழுவுறே? நல்லா ஓடுவாருன்னுதானே சொன்னே? அது பொய்யா?" என்றார். பொய் இல்லைதான். வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். செத்தாலும் சொல்லாதே என்று தான் சொன்ன சொல்லை அவள் உள்ளுக்குள் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. என் மேல் கோபம் என்று மட்டும்தான் தெரிந்தது.

கிராணியார் பிராங்கின் கால்வாய்ப் பக்கம் ஒரு சீனர் பட்டறையில் ஏற்பாடு செய்தார். அங்கே ஒரு லாரி நின்றது. என்ஜினைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். சக்கரமும் இல்லை, நான்கு மரக்கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். எண்ணெய் கிடைக்காத காலத்தில் ஓடுகிற லாரியைப் பழகுவதற்கு யார் கொடுப்பார்கள்? அண்ணன் ஐந்து நாள் அந்த ஓடாத லாரியில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப வளைவு வருது, அண்ணே" என்பேன். அவர் வளைப்பார். "இப்ப சிப்பாய்" என்பேன். அவர் பிரேக்கை மிதித்து, உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து வணங்குவார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பட்டறைக்காரர் மலாயில் சொல்லிக் கொடுத்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. பின்னால் போகிற கியர் மட்டும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எவ்வளவு இழுத்தும் விழவில்லை. "தாப்பா, தாப்பா" என்று அவர் கையை ஆட்டினார். பரவாயில்லை, போகப் போகத் தானாக வந்துவிடும் என்று அர்த்தம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அண்ணன் செருப்புக் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார்.

"இன்னைக்கு எதுக்குடா?" என்றாள் அம்மா.

"பாப்பா நேரம் பாக்கணும்ல."

அந்த மழைக்காலத்திலேயே பெரிய மழை அன்றுதான். சந்தில் கணுக்கால்வரை தண்ணீர். நான் சாக்குக்குள் கடிகாரத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வராமலேயே இருந்தால், தெலுக் பஹாங்கிலேயே எங்காவது ஒளிந்துகொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சளப் சளப் என்று சத்தம் கேட்டுவிட்டது. தூணைத் தொட்டார்.

"எத்தனை?"

"பத்து இருவது."

"கும்பிடு மூணு. கழிச்சியா?"

"பத்து பதினாலு, அண்ணே."

அதுவரை அவர் அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. தலையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அரிசி நமக்குத்தான், பாப்பா" என்றார். மறுநாள் திடலுக்குப் பக்கத்தில் எல்லோரையும் ஒரு லாரியில் ஏற்றினார்கள். படகில் எதிர்க்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயில் என்று சொன்னார்கள். துறைமுகத்துக்குப் போன அந்த லாரியை வேறு யாரோ ஓட்டினார்கள். அண்ணன் பின்னால் மழையில் நின்றுகொண்டு போனார். நான் லாரிக்குப் பின்னால் ஓடவில்லை. எங்கள் வீட்டில் ஓடத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அந்தப் பந்தயம் நடக்கவே இல்லை. யார் அதைக் கிளப்பிவிட்டது என்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, அம்மா கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு நான்கு மாத்திரை வாங்கி வந்தாள். அது தோக்கியோ நேரத்தைக் காட்டிக்கொண்டே போய்விட்டது.

போர் முடிந்து கடிகாரங்களைத் திருப்பி வைத்தோம். சயாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக, எலும்பும் தோலுமாக வந்தார்கள். ஒரு மழை நாளில் கிராணியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், லாரி டிரைவர். அண்ணனோடு நான்கு மாதம் ஒரே முகாமில் இருந்தவராம்.

"கடைசியா எப்பங்க பாத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மழைக்காலத்திலை, அம்மா. அங்கத்தை மழை இஞ்சத்தை மழை மாதிரி இல்லை. ஆத்தடியிலை நிண்டனான். தம்பி பாலத்தாலை ஓடினதைக் கண்டனான். அதுக்குப் பிறகு நான் காணேல்லை."

"ஓடிட்டானா?"

"ஓம், ஓடினவர்தான், ஆனால்…"

அம்மா எழுந்துவிட்டாள். "ஓடிட்டானா! பாப்பா, கேட்டியா? அண்ணன் பாலத்தைத் தாண்டி ஓடிட்டாரு! அவனை எவனால புடிக்க முடியும்? இருவது மைலு ஓடுறவன் என் புள்ள!" அப்பா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கிராணியார் அவர் முழங்காலில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அந்த நேரத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

அவர்கள் புறப்பட்டபோது அஞ்சடிவரை பின்னாலேயே போனேன். "ஓடினாருன்னீங்களே, காலாலயா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

டிரைவர் தெருவைப் பார்த்தார். "லொறி, பிள்ளை" என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். "மரப்பாலம். ஆறு பெருகி வந்தது. முன்பக்கம் இறங்கத் தொடங்கிட்டுது. பின்னுக்கு எடு, பின்னுக்கு எடு எண்டு எல்லாரும் கத்தினனாங்கள். தம்பிக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது."

"எறங்கி ஓடியிருக்கலாம்ல?"

"நேரம் கிடைக்கேல்லை, பிள்ளை."

கிராணியார் அழுதுகொண்டிருந்தார். "அம்மாவிட்டை நான் போய்ச் சொல்லட்டோ?" என்று என்னைக் கேட்டார். உள்ளே அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "வேணாங்க" என்றேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே அஞ்சடியில் அவர் இரண்டாவது முறையாக என்னைக் கேட்டார். இரண்டாவது முறையும் நான் சொன்னதையே எடுத்துக்கொண்டு போனார். பெரியவர்கள் குழந்தையிடம் கேட்கக்கூடாத கேள்விகள் உண்டு. நல்ல மனிதர்தான், ஆனாலும் இதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். அண்ணனைச் சயாமில் ஒரு கிராமத்தில் குடிவைத்தாள், ஒரு சயாம்காரியைக் கட்டிவைத்தாள், இரண்டு பிள்ளைகளும் கொடுத்தாள். கடிதம் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், "தமிழ் எழுத மறந்திருக்கும், வெக்கமா இருக்கும்" என்பாள். மழை பெய்தால், "அங்கயும் பெய்யும்" என்பாள். சில நாள் எனக்குத் தாங்காது. கத்திச் சொல்லிவிடவேண்டும் போல இருக்கும். சொல்லாமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிற்பகல் நேரம். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து என் கையைத் தேடினாள்.

"பாப்பா, அன்னைக்கு ஒரு வாரம் உங்கூடப் பேசாம இருந்தேன்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"நீ சொன்னது சரிதான்டி. சும்மா இருக்காருன்னு சொல்லியிருந்தா மண்ணு வெட்டியே செத்திருப்பான். நீ ஓடுவாருன்னு சொன்னே. ஓடத் தெரிஞ்சதாலதான் தப்பிச்சான். அவனுக்கு உசுரு குடுத்தது நீதான்."

அவள் என் விரலை அழுத்தினாள்.

"நல்லா ஓடுவான்ல, பாப்பா?"

"நல்லா ஓடுவாரும்மா" என்றேன். "மழையிலதான் இன்னும் நல்லா ஓடுவாரு."